செக் திரும்பிவிட்டது: 138-ஆ, போலீஸா, சிவிலா?

குடியாத்தத்தில் கைலி நெய்து அனுப்புகிறவர், ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு அப்பர் தைத்துக் கொடுப்பவர், வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர் என்று யாராக இருந்தாலும் செக் திரும்பியதும் கேட்பது ஒன்றுதான்: "420-ல போட்டு உள்ளே தள்ள முடியுமா?" கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். முக்கால்வாசி நேரம் பதில், முடியாது என்பதுதான். ஆனால் வேறு வழி இருக்கிறது, அதற்குக் கெடு இருக்கிறது, அந்தக் கெடு இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. கோபத்தில் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலைந்து அந்தக் கெடுவைத் தொலைத்துவிடுகிறார்கள்.

எந்த வழி என்று பார்க்கும் முன், கையில் இருப்பது எந்த வகைச் செக் என்று தெரிய வேண்டும். கணக்கு அவருடையது, கையெழுத்தும் அவருடையது, பணம்தான் இல்லை என்றால் அது ஒரு வகை. வேறொருவர் செக் புத்தகத்தைத் திருடிக் கையெழுத்துப் போட்டது, பதினைந்தாயிரத்தை ஒன்றே கால் லட்சமாக மாற்றியது, இல்லாத கம்பெனி பெயரில் கணக்குத் திறந்து சரக்கை எடுத்துக்கொண்டு செக் கொடுத்து மறைந்தது, இதெல்லாம் இன்னொரு வகை. சட்டம் இரண்டையும் வேறு வேறு கண்ணால் பார்க்கிறது. முதல் வகைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. இரண்டாவது வகைக்கு மோசடி, பொய் ஆவணக் குற்றங்கள்.

முதல் வகைதான் நம் பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு என்பேன். அதனால் 138-ஐப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேசலாம்.

வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே 1989-ல், ஏப்ரல் 1 முதல் இந்தப் பிரிவு அமலுக்கு வந்தது. அதற்கு முன் செக் திரும்பினால், கொடுத்தவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபித்தால்தான் அவரைத் தண்டிக்க முடியும். 138 வந்தபின் எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பியது, முறையாக நோட்டீஸ் கொடுத்தும் பணம் வரவில்லை, அவ்வளவு போதும். தண்டனை முதலில் ஓராண்டு வரை சிறை என்று இருந்தது. இப்போது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்கை மூடிவிட்டார், ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டார், கையெழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டார் என்றாலும் இந்தப் பிரிவு பாயும். உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாக்கிவிட்டது.

இனி நாள் கணக்கு. செக் திரும்பியதும் வங்கி ஒரு சின்னத் தாள் கொடுக்கும். ரிட்டர்ன் மெமோ. செக் எண், தொகை, திரும்பிய காரணம், தேதி, வங்கி முத்திரை எல்லாம் அதில் இருக்கும். முத்திரை இல்லாமல் வாங்கி வராதீர்கள். அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

மெமோ மார்ச் 3-ம் தேதி வந்தது என்று வையுங்கள். நோட்டீசுக்கு ஏப்ரல் 2 வரை நேரம் உண்டு. நீங்கள் மார்ச் 20-ல் அனுப்பி, அவர் 24-ல் கையெழுத்துப் போட்டு வாங்கினால், ஏப்ரல் 8 வரை அவருடைய நாள். 9-ம் தேதி உங்களுக்கு வழக்குரிமை பிறக்கிறது. மே 9-க்குள் தாக்கல். கடைசி நாள் வரை இழுக்காமல் ஏப்ரல் மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது. அவசரப்பட்டு ஏப்ரல் 5-ல் போட்டாலும் வழக்கு நிற்காது. 15 நாள் முடியும் முன் போட்ட புகார் செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அது புகார் தாக்கல் செய்வதில் வந்த தாமதத்துக்குத்தான். 30 நாள் கழித்து அனுப்பிய நோட்டீசுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நோட்டீசில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்கட்டும். வட்டி, வக்கீல் செலவு கேட்பதென்றால் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டு, அதனாலேயே தோற்றவர்கள் உண்டு. செக் வாங்கிய பிறகு கொஞ்சம் பணம் வரவாகியிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. மூன்று லட்சத்துக்குச் செக் வாங்கி, ஒரு லட்சம் ஜிபேயில் வந்தபின், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கே போட்டால் 138 நிற்காது என்று 2022-ல் தீர்ப்பு இருக்கிறது. அனுப்புவதற்கு ரிஜிஸ்டர் தபால் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2025 செப்டம்பரில் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் இன்னொரு கதை உண்டு. நோட்டீஸ் அனுப்பலாம் என்று உட்காரும்போது போன் வரும்: "பாய், கோர்ட்டுக்கெல்லாம் போகாதீங்க, அடுத்த வாரம் திரும்பப் போடுங்க, கண்டிப்பா பாஸ் ஆயிடும்." இப்படி 30 நாளை விழுங்கிவிடுவார்கள். முன்பு, ஒரு முறை நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடாமல் விட்டால் அதோடு 138 போச்சு என்று இருந்தது. 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றியது. செக் உயிரோடு இருக்கும்வரை திரும்பத் திரும்பப் போடலாம், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் புதிதாக நாள் கணக்கு தொடங்கும். தோல் பெயர் தாங்கிய ஒரு வழக்கே தோல் வியாபாரிகளைக் காப்பாற்றியது பொருத்தம்தான். ஆனால் செக்கின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்றே மாதம். 2012-க்கு முன் இருந்த ஆறு மாதத்தை நினைத்துக்கொண்டு இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள்.

எந்த ஊர்க் கோர்ட் என்பதும் நமக்குப் பெரிய விஷயம். 2014-ல் வந்த ஒரு தீர்ப்பின்படி, செக் கொடுத்தவருடைய வங்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்றானது. கான்பூர்க்காரருக்குச் சரக்கு அனுப்பிய வாணியம்பாடிக்காரர் கான்பூருக்கு ரயில் ஏற வேண்டிய நிலை. 2015 திருத்தம் அதைத் தலைகீழாக்கியது. உங்கள் கணக்கில் செக்கைப் போட்டிருந்தால், உங்கள் வங்கிக் கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அந்தக் கோர்ட்டுக்கே அதிகாரம். வேலூரில் கணக்கு என்றால் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்கு எதிராளிதான் வர வேண்டும். அவர் வெளியூர்க்காரர் என்றால் இந்த ஒன்றே 138-ஐ மற்ற வழிகளுக்கு மேலே தூக்கி வைக்கிறது.

இன்னொரு பலம், அனுமானம். செக்கும் கையெழுத்தும் அவருடையது என்று ஆகிவிட்டால், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இதே கதைதான். ஆனால் அந்த அனுமானம் உடையாத சுவர் இல்லை. கைமாத்தாக ஐந்து லட்சம் ரொக்கம் கொடுத்தேன் என்று சொன்னால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே "அவ்வளவு பணம் உங்களுக்கு ஏது?" என்பதாக இருக்கும். பில், டெலிவரி சலான், புரோநோட், வாட்ஸ்அப்பில் "செக் போடுங்க அண்ணா" என்று வந்த செய்தி, வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு, ஏதாவது ஒன்று இருந்தால்தான் அந்தக் கேள்வியைத் தாங்க முடியும்.

சரி, குறை என்ன? நேரம். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் சம்மன் சார்வாவதற்கே, அதாவது எதிராளி கையில் சேர்வதற்கே, வாய்தா வாய்தாவாகப் போகும். எதிராளி வராவிட்டால் பிடிவாரண்ட், பிடிவாரண்ட் வந்ததும் ஒரு மனு, பிறகு மறுபடியும் வாய்தா. 2018-ல் கொண்டுவந்த திருத்தம் கொஞ்சம் கைகொடுக்கிறது. குற்றச்சாட்டை அவர் மறுத்ததும், செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம். சொல்லலாம் என்பதுதான், சொல்லியே ஆக வேண்டும் என்பது இல்லை. தண்டனை வந்தபின் அப்பீல் போனால் குறைந்தது 20 சதவீதத்தை டெபாசிட் கட்டச் சொல்லலாம். உச்ச நீதிமன்றமே 2021-ல் ஒரு தீர்ப்பில் 138-ஐ, ஓநாய்த் தோல் போர்த்திய சிவில் ஆடு என்று சொன்னது. உறுமுவது ஜெயிலைக் காட்டி, உள்ளே இருப்பது பணம் வசூல். இதைப் புரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

அப்புறம் போலீஸ். பணம் இல்லாமல் திரும்பிய செக்கோடு ஸ்டேஷனுக்குப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அவர்கள் தட்டிக்கழிப்பதாக உடனே நினைக்க வேண்டாம். மோசடி என்பதற்கு, பொருளை வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கொடுத்து வாங்கியவர் மூன்றாம் வருடம் நொடித்துப்போனால் அது மோசடி ஆகாது.

ஆனால் இரண்டாவது வகைச் செக் என்றால் தயங்கவே கூடாது, நேராகப் புகார்தான். 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். நாம் சொல்லிப் பழகிய 420 இப்போது 318(4), தண்டனை ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும். ஜாமீன் கொடுத்தே தீர வேண்டிய குற்றம் அல்ல, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். செக் என்பது மதிப்புள்ள ஆவணம், அதில் கள்ளக் கையெழுத்துப் போட்டால் 338-வது பிரிவு. அதன் உச்சம் ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டு வரை. கள்ளச் செக் என்று தெரிந்தே வங்கியில் நீட்டியவருக்கும் அதே தண்டனை. 138-ன் இரண்டு ஆண்டுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மாமாவின் செக்கில் மருமகன் கையெழுத்துப் போட்டது வீட்டு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தூரம் தெரிவதில்லை.

புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். பெரிய தொகை என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு. வழக்குப் பதியவில்லை என்றால் எஸ்பிக்கு எழுத்தில் மனு, அதுவும் நகரவில்லை என்றால் விசாரிக்க உத்தரவிடும்படி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. எஃப்ஐஆர் போட்டதும் வழக்கு அரசாங்கத்தினுடையது ஆகிவிடும். நாளை அவர் பணத்தைக் கொண்டுவந்து வைத்தாலும், போதும் விடுங்கள் என்று நீங்கள் மட்டும் சொல்லி முடிக்க முடியாது. மோசடிக் குற்றத்தில் சமரசத்துக்குக் கோர்ட் அனுமதி வேண்டும், பொய் ஆவணம் என்றால் பெரும்பாலும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஒரே செக்குக்கு 138, மோசடி இரண்டையும் நடத்தலாமா என்றால், நடத்தலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கள்ளச் செக்கில் பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து என்றால், போலீஸுக்குப் போகும் அன்றே வங்கிக்கும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் போடாத கையெழுத்துக்குப் பணம் கொடுக்க வங்கிக்கு அதிகாரம் இல்லை என்பது 1987-ல் கனரா வங்கி வழக்கிலேயே முடிவான விஷயம். தொகையைத் திருத்திய செக்கில் அவ்வளவு எளிதில்லை. திருத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருந்தால் வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். 50,000 ரூபாய்க்கு மேல் செக் கொடுப்பவர்கள் பாசிட்டிவ் பே வசதியில் செக் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குச் சொல்லிவிட்டால் தொகையைத் திருத்தும் வித்தை பலிக்காது. 2021 முதல் இருக்கும் வசதி, கடைக்காரர்கள்தான் அலட்சியமாக இருக்கிறார்கள்.

சிவில் வழக்கை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். மூன்று சந்தர்ப்பங்களில் நான் அதை முதலில் வைப்பேன். 138-க்கான நாள் தவறிவிட்டது, செக் கொடுத்தவர் இறந்துவிட்டார், அல்லது அவருக்கு நிலமோ வீடோ இருக்கிறது, விற்கப் பார்க்கிறார். குற்ற வழக்கு ஆளோடு போய்விடும், வாரிசுகள் மேல் 138 பாயாது. சிவிலில் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கலாம். சொத்தை விற்கப் போகிறார் என்றால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடலாம், அந்த வசதி 138-ல் இல்லை. கெடு பொதுவாக மூன்று ஆண்டு. செக், புரோநோட் அடிப்படையில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37-ன்படி சுருக்க வழக்குப் போடலாம். அதில் எதிராளி கோர்ட்டின் அனுமதி வாங்கித்தான் எதிர்வாதமே செய்ய முடியும்.

செலவு? தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் முன்பு ஏழரை சதவீதம், 2017-லிருந்து மூன்று. ஐந்து லட்சத்துக்குப் பதினைந்தாயிரம் முன்னாலேயே கட்ட வேண்டும். 138-க்கு இப்படிச் சதவீதக் கணக்கு இல்லை. வியாபாரிகளுக்குள் மூன்று லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக வழக்கு ஆகிவிடும், அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளுக்கு முதலில் சமரச மையத்துக்குப் போய் வந்தாக வேண்டும். டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்கிய பின்னும் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று இருக்கிறது. ஆனால் அந்த டிகிரி பன்னிரண்டு ஆண்டு உயிரோடு இருக்கும். இன்றைக்கு ஒன்றுமில்லாத ஆளுக்கு நாளைக்குப் பங்கு பிரிந்து சொத்து வரலாம். 138-ஐயும் சிவிலையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை, ஒன்றில் வந்த பணத்தை மற்றதில் கழித்துக்கொள்வார்கள்.

உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளர்களுக்குத் தனியாக ஒரு கதவு உண்டு. சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், அதற்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கைமாத்துக் கடனுக்கு இது உதவாது.

செக் கொடுத்தவராக இதைப் படிக்கிறீர்கள் என்றால் சில வார்த்தை. நோட்டீஸை வாங்க மறுத்தால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், சரியான முகவரிக்கு வந்து மறுத்தால் சார்வானதாகவே எடுத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால், சம்மன் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கூட்டுக் கணக்கு என்றால் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு, கணவர் கொடுத்த செக்குக்கு மனைவியை இழுக்க முடியாது. கந்துவட்டிக்காரரிடம் வெற்றுச் செக் மாட்டிக்கொண்டிருந்தால், 2003-ல் வந்த தமிழ்நாட்டு அதீத வட்டித் தடைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அவர் வழக்குப் போட்டபின் அதைச் சொல்வதைவிட, நோட்டீசுக்குப் பதிலிலேயே எழுதினால்தான் கோர்ட்டில் எடுபடும். பதிலே போடாமல் இருப்பதுதான் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் பெரிய பரிசு.

என் தேர்வு இது. கையெழுத்து உண்மை, நாள் இருக்கிறது என்றால் 138. செக்கே பொய் என்றால் போலீஸ். நாள் தவறினால், அல்லது சொத்து கைமாறும் போல் தெரிந்தால் சிவில். எந்த வழியில் போனாலும் பாதிக்கு மேல் கடைசியில் பேசித்தான் முடிகிறது, அதற்கு நல்ல இடம் மக்கள் நீதிமன்றம். தேசிய அளவில் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும், சத்துவாச்சாரி வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் உங்கள் வழக்கை அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். சிவில் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும்.

அங்கே கையெழுத்துப் போடும் முன் தவணைத் தேதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். "நான்கு தவணையில் தருகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்தத் தேதி, எந்தக் கணக்கு, ஒரு தவணை தவறினால் பாக்கி முழுவதையும் உடனே கேட்கலாம் என்ற வரி, இது மூன்றும் இருக்க வேண்டும். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது, ஆனால் 138 வழக்கில் வந்ததாக இருந்தாலும் அது சிவில் டிகிரிக்குச் சமம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் தவணை தவறினால் புது வழக்குப் போட வேண்டியதில்லை, அந்தத் தாளை வைத்தே நேராக நிறைவேற்று மனுப் போடலாம்.